மூவாயிரம் மைக்ரான்

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் எழுபதாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்று. அந்தக் கீற்றின் பெயரையே ஒரு மனிதருக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள் என்றால், அவரோடு வேலை பார்த்தவர்கள் எத்தனை வருஷம் வயிறெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பு செய்கிற தொழிற்சாலை. வந்து குவியும் பாகங்களை அளந்து, தேறும் தேறாது என்று தீர்ப்புச் சொல்வது மைக்ரானின் உத்தியோகம். தேறாததன் தலையில் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அவர் குறி போட்டுத் தள்ளிய பம்புகளை மட்டும் வரிசையாக வைத்து ஓட்டியிருந்தால் ஒரு சமுத்திரத்தை இறைத்து அடித்தரையைக் கூட்டிப் பெருக்கியிருக்கலாம். முதலாளியே வந்து, "என்னங்க, இதுல என்ன குறை?" என்று கேட்டால், "உங்க கண்ணுக்குத் தெரியாது சார்" என்பார். அந்த 'சார்' இருக்கிறதே, அதில் மரியாதை ஒரு மைக்ரான் அளவுக்குக்கூட இருக்காது.

ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் மாலை போட்டார்கள். மாலை ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது என்று அங்கேயே சொன்னார். இடுக்கி மாதிரிக் கவ்வி அளக்கிற தம்முடைய வெர்னியரையும் ஒரு டப்பா சிவப்பு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று தொட்டு வீடுதான் தொழிற்சாலை. கோணலாக மாட்டிய கண்ணாடிக்குக் குறி. கால் ஆடும் நாற்காலிக்குக் குறி. வளைந்த வெள்ளரிக்காய்க்குக் குறி. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்த இருக்கையில் குறி இருந்ததாக அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

"உங்களுக்குப் புடிச்சது இந்த ஒலகத்துல ஏதாவது இருக்கா?" என்று அவள் கேட்பாள்.

இருந்தது. அவருடைய கார்.

சின்னக் கார். அதைச் செய்த கம்பெனி மூடியே ஒரு தலைமுறை இருக்கும். அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் மைக்ரானுக்கு ஏதோ ஆகிவிடும். குற்றம் சொல்ல மாட்டார். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார். தொண்டைக்குள்ளேயே ஒரு பாட்டு முனகுவார். பக்கத்தில் உட்கார்ந்த மனைவி சொல்வதைக் கேட்டுக்கூடக் கொள்வார். அவள் வாரத்துக்கு ஒரு முறை, வாங்குவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும், "கடைக்குப் போகணுங்க" என்று கிளம்புவதற்குக் காரணம் கடையில்லை. அந்தப் பாட்டுதான். இறங்கிக் கதவைச் சாத்தியதும் மனிதர் பழையபடி மைக்ரான்.

அந்தக் கார்தான் இப்போது நின்றுபோயிருந்தது. இன்ஜின் தொட்டால் பேசும், கோளாறு வீலில். நாலு இரும்பு வீலும் விளிம்பில் துருப்பிடித்து அரித்து, காற்றடிக்கிற பம்பின் குழாயைக் கழற்றுவதற்குள் காற்று முந்திக்கொண்டு வெளியே வந்தது. பஞ்சர் கடைக்காரர் ஒன்றைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். தொட்டியே கொதிப்பது மாதிரி குமிழி. "சார், இது வீல் இல்ல, வடிகட்டி. இனிமே இத என் கடைப்பக்கம் கொண்டு வராதீங்க" என்றார். டிக்கிக்குள் வாங்கிய நாளிலிருந்து வெளிச்சம் பார்க்காமல் கிடந்த ஸ்டெப்னி ஒன்றுதான் உருப்படி. ஒற்றை வீலில் ஓட கார் என்ன சர்க்கஸ்காரனா?

நின்ற காரைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறியவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிப்டு, குப்பை, கார் நிறுத்தும் இடம், அவ்வளவுதான். ஆனால் அவர் கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்துச் சுழற்றிக்கொண்டு நடக்கிற நடையைப் பார்த்தால், நாலு கண்டங்களின் சாவியும் அதில்தான் தொங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். அவர் புதிதாக இரண்டாவது கார் வாங்கியிருந்தார். அது வாசலில் வெயிலில் காய்ந்தது. மைக்ரானின் இடமோ தூணுக்கும் சுவருக்கும் நடுவே நல்ல நிழல்.

"சார், நீங்க வண்டி வச்சிருக்கீங்களா, நினைவுச் சின்னம் வச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"வண்டிதான். ஓடும்."

"ஓடினா சந்தோஷம். ஓடாத வண்டிக்கு இங்க எடம் இல்லன்னு தீர்மானம் போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கட்டடத்த ஒரே ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க. இல்லன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வரான். நான் சொல்லியாச்சு."

"தீர்மானத்துக்கு யார் யார் கை தூக்கினாங்க?"

"நான் தூக்கினேன். போதாதா?"

மைக்ரான் அவரை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். எந்த அளவும் தேறவில்லை. ஆனால் ஆளின் மேல் சாக்பீஸ் வைக்க முடியாதே.

அன்று மாலையே மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டுவிட்டாள். அதுதான் மைக்ரானுக்குச் செயலாளரைவிடப் பெரிய அடி.

தம்பியின் பட்டப்பெயர் டபுள் ஓகே. வீட்டுத் தரகர். ஜன்னலே இல்லாத அறையைக் காட்டி, "தூசியே வராது, டபுள் ஓகே" என்பார். கூரை ஒழுகும் வீட்டைக் காட்டி, "மழைய உள்ள இருந்தே ரசிக்கலாம், டபுள் ஓகே" என்பார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். வாழ்க்கையில் ஒரு பொருளைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. மைக்ரான் கணக்கில், இப்படிப்பட்ட ஒருவன் உலகத்தில் உலவுவதால்தான் பாலங்கள் இடிகின்றன.

இரண்டாம் நாளே ஒரு வாடகை வண்டியில் வந்து இறங்கினார் டபுள் ஓகே. பின்னால் நாலு அலாய் வீல்கள், டயரோடு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு.

"மாமா! சிநேகிதன் வேற கம்பெனி வண்டி வச்சிருக்கான். அவன் பெருசா மாத்திக்கிட்டான். இது சும்மா கெடந்துச்சு. உங்க வண்டிக்கு டபுள் ஓகே."

"எப்படித் தெரியும்?"

"ரவுண்டா இருக்கு."

மைக்ரான் கண்ணை மூடித் திறந்தார். "தட்டுகூட ரவுண்டாதான் இருக்கு மாப்ளே. நாலு தட்டு எடுத்துட்டு வரச் சொல்லவா உங்கக்காவ?"

"இல்ல மாமா, நாலு ஓட்டை. உங்க வண்டிக்கும் நாலு போல்ட்டு. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"எண்ணினியா! அப்பா, என்ன ஆராய்ச்சி! சட்டைப் பட்டன்லகூட நாலு ஓட்டைதான். பட்டன மாட்டிக்கிட்டுப் போவமா?"

"நீங்க அளந்து பாருங்க மாமா. அதுக்குத்தானே கொண்டு வந்தேன்" என்று சிரித்தார் டபுள் ஓகே. அவரை அவமானப்படுத்துவது தண்ணீரில் ஆணி அடிக்கிற வேலை. அடித்தவனுக்குத்தான் கை வலிக்கும்.

வெர்னியர் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நீல வெல்வெட்டில் படுத்திருந்த அதை மைக்ரான் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். கார் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. முன்சக்கரத்தை ஒட்டித் தூண். ஆகையால் பின்பக்கம்தான் கைக்கு வாட்டம். ஜாக்கி போட்டுப் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றச் சொன்னார். தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஒரு ராஜ்ஜியத்தின் எல்லையை வகுக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். எதிரெதிர் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், காரிலும் வீலிலும் ஒன்று. வீலின் நடு ஓட்டை, காரில் அது போய் உட்காருகிற குடத்தைவிட ஒரு நூல் பெரிது. "அதுக்கு ஒரு வளையம் போட்டா உக்காந்துக்கும்" என்று பழைய தொழிற்சாலைக்குப் போய், தம்மைக் கண்டாலே ஓடுகிற கடைசல்காரரைப் பிடித்து, அலுமினியத்தில் நாலு வளையம் கடைந்து வாங்கிவந்தார். நட்டின் கூம்பும் ஓட்டையின் சரிவும் ஒத்துப்போகிறதா என்று நட்டில் மை தடவிப் பதித்துப் பார்த்தார். வீல் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே துருத்தும், டயர் மேலே மட்கார்டில் உரசுமா, எல்லாம் அளந்தார். பார்த்துக்கொண்டிருந்த டபுள் ஓகே அந்தப் போர்வையிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்.

கடைசியில் மைக்ரான் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு கசப்பு. தேறிவிட்டதே!

"பொருந்தும்" என்றார், கடனை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"அதான் அன்னைக்கே சொன்னேனே மாமா!"

"நீ சொன்னதுக்கும் நான் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. நீ ஒளறின. நான் நிரூபிச்சேன்."

பின்னால் இரண்டையும் மாட்டினார்கள். குழந்தையின் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்பு மாதிரி உட்கார்ந்தது. கையால் தள்ளினால் சத்தமே இல்லாமல் சுற்றியது.

"மாமா, வண்டியக் கொஞ்சம் வெளிய தள்ளி, முன்னாடியும் ஒண்ண மாட்டிப் பாத்துடலாமா?" என்றார் டபுள் ஓகே.

மைக்ரான் அவரைப் பார்த்த பார்வையில் போர்வை கருகியிருக்க வேண்டும்.

"மாட்டிப் பாக்கறது யார் வேலை தெரியுமா மாப்ளே? அளக்கத் தெரியாதவன் வேலை. செருப்புக் கடையில போய் நாப்பது செருப்பக் கால்ல விட்டுப் பாக்கறானே, அவன் வேலை. முன்னாடியும் அதே நாலு போல்ட்டு, அதே கொடம். அளந்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில வெளிய தள்ளி மாட்டினா முடிஞ்சுது."

"சும்மா ஒரு திருப்திக்கு..."

"உன் திருப்திக்கு நான் வண்டிய மெனக்கெட்டு எறக்கணுமா? போ, போய் எங்கயாவது ஜன்னல் இல்லாத வீடு காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை காரைப் பின்னால் தள்ளி வெளியே எடுத்தார்கள். முன்னாலிருந்த பழைய வீல்கள் டயரை மடித்துக்கொண்டு, வர மாட்டேன் என்று அடம்பிடித்தன. டபுள் ஓகே தள்ளினார். மைக்ரான் எப்படித் தள்ள வேண்டும் என்று சொன்னார். பால்கனிகளில் அதற்குள் ஆள் சேர்ந்துவிட்டது. விடுமுறை நாள், வேறு வேடிக்கை கிடையாது. கையில் காபியோடு சாய்ந்தவர்கள், துணி உலர்த்துவது மாதிரி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறுகிறவர்கள், தொலைநோக்கி வைத்திருந்த ஒருவர். மைக்ரான் மேலே ஒரு தரம் பார்த்தார். 'பாருங்கடா' என்கிற பார்வை.

முன்பக்கம் ஜாக்கி ஏறியது. பழைய வீல் கழன்றது. வளையத்தை வைத்து, அலாயைத் தூக்கி மாட்டினார் டபுள் ஓகே. நாலு நட்டும் ஏறின. இறுக்கினார்.

"சுத்திவிடு" என்றார் மைக்ரான், மேலே பால்கனியைப் பார்த்தபடி.

"சுத்தல மாமா."

"பலமா."

"பலமாத்தான். இடிக்குது."

"என்ன இடிக்குது? நான் அளந்திருக்கேன். தள்ளு அந்தப் பக்கம்."

மைக்ரானே குனிந்து இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். க்ரீச் என்று ஒரு சத்தம். பல்லில் ஆணியால் கீறுகிற மாதிரி. கீழ்வீட்டுப் பூனை எழுந்து போய்விட்டது.

விஷயம் இவ்வளவுதான். பின்சக்கரத்தில் பிரேக் ஒரு சட்டியைக் கவிழ்த்த மாதிரி அடக்கமாக, உருண்டையாக, வீலுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும். முன்சக்கரத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு தட்டு. அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்க முரட்டு இரும்புத் தாடை ஒன்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அலாயின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கொழுத்த ஆரங்கள் அந்தத் தாடையில் போய் முட்டின. போல்ட்டை அளந்தார், குடத்தை அளந்தார், ஓட்டையை, நட்டை, மட்கார்டை, காற்றை, ஆகாயத்தை எல்லாம் அளந்தார். முன்னால் ஒரு பிரேக் இருக்கிறது என்பதை மட்டும் அளக்கவில்லை.

மைக்ரான் வீலைக் கழற்றச் சொல்லி, வெர்னியரை எடுத்தார். தாடையை அளந்தார். ஆரத்தின் உள்பக்கத்தை அளந்தார். கழித்தார்.

"எவ்வளவு மாமா?"

மைக்ரான் இன்னொரு முறை அளந்தார்.

"கொஞ்சமா?"

"மூணு மில்லிமீட்டர்."

டபுள் ஓகே பாவம், நல்ல மனசோடுதான் மனக்கணக்குப் போட்டார். "அப்போ... மூவாயிரம் மைக்ரானா மாமா?"

வாழ்நாள் முழுக்க ஒற்றை மைக்ரானுக்காக மனிதர்களைத் தூங்கவிடாமல் அடித்தவர், மூவாயிரத்தைக் காலடியில் போட்டுவிட்டு நின்றார். மேலே தொலைநோக்கிக்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விவரம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

மனைவி இறங்கி வந்தாள். ஜாக்கியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற காரைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் சமையல்ல உப்பு அரைக்கால் சிட்டிகை கூடன்னு நாக்கால அளந்து சொன்ன மனுஷன் நீங்க. இவ்ளோ பெரிய இரும்பு உங்க கண்ணுக்குப் படலியா?"

"இவன்தான் கொண்டு வந்தான்."

"அவன் மாட்டிப் பாக்கலாம்னு சொன்னான். நான் மேல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மைக்ரான் உலகத்தையே வெறுத்தார். தம்பியை வெறுத்தார். சிநேகிதனின் வேறு கம்பெனிக் காரை, அதை வடிவமைத்த கொழுத்த ஆரக்காரனை, டிஸ்க் பிரேக்கைக் கண்டுபிடித்தவனின் பாட்டன் முப்பாட்டனை வெறுத்தார். வெறுத்து முடித்துப் பார்த்தால் நிறைய நேரம் மிச்சமில்லை. பழைய வீலுக்குக் காற்றடித்தால் நிற்காது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை எடுத்தால் முன்னால் ஒரு பக்கம் ஆயிற்று. இன்னொரு பக்கத்துக்கு?

"ஒண்ணுதான வேணும்?" என்றார் டபுள் ஓகே. "இருங்க வரேன்."

"எங்கடா போற?"

டபுள் ஓகே அதற்குள் படியேறிப் போய்விட்டார். மைக்ரான் தம் ஸ்டெப்னியைத் தாமே உருட்டிவந்து ஒரு பக்கம் மாட்டினார். முட்டிக்கால் சத்தம் போட்டது. சுற்றிவிட்டார், சுற்றியது. அதைப் பார்க்கவே அழுகையாக வந்தது.

டபுள் ஓகே திரும்பி வந்தபோது, மேஜைவிரிப்பால் போர்த்திய ஏதோ ஒன்றைப் படியிறங்காமல் பின்வழியாக உருட்டிக்கொண்டு வந்தார். விரிப்பை உருவினால் கறுப்பு இரும்பு வீல் ஒன்று. புது டயர்.

"எங்க புடிச்ச?"

"அப்புறம் சொல்றேன் மாமா. நாலு ஓட்டை."

"குடு, அளக்கணும்."

"செயலாளர் எறங்கிட்டாரு மாமா. லிப்டுல லைட்டு எரியுது."

மைக்ரான் வெர்னியரைப் பிடித்த கையை நீட்டினார். டபுள் ஓகே அதற்குள் வீலைத் தூக்கி போல்ட்டில் செருகி, நட்டை விரலால் ஏற்றி, தட்டிவிட்டார். சுற்றியது. வழுக்கிக்கொண்டு சுற்றியது. எதிலும் இடிக்கவில்லை.

அளக்காத வீல்! மைக்ரான், அறுவை சிகிச்சைக்குப் படுக்கப்போகிறவன் வைத்தியரைக் கேட்கிற குரலில் கேட்டார்.

"மாப்ளே... நட்டு நல்லா இறுக்கினியா?"

"டபுள் ஓகே மாமா."

அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் நம்ப வேண்டியிருந்தது. வேறு வழி?

செயலாளர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்தார். காரை ஒரு வட்டம் வந்தார். "வண்டி ஏன் இந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது?"

கறுப்பு வீலின் டயர் மற்றதைவிடக் கொஞ்சம் உயரம். மைக்ரான் மூச்சை இழுத்துக்கொண்டு, "வண்டி நேராத்தான் சார் நிக்குது. தரைதான் கோணல். நீங்க நின்னு போட்ட சிமெண்டு" என்றார்.

மேல் பால்கனியில் யாரோ காபி புரையேறி இருமினார்கள்.

"சரி சரி, வண்டிய எடுங்க. நானும் உக்காந்து வரேன். பாதி வழியில நீங்க எறங்கித் தள்ளிட்டு வந்து காட்டக் கூடாது பாருங்க."

செயலாளர் பின்சீட்டில் ஏறினார். பக்கத்தில் டபுள் ஓகே. முன்னால், கேட்காமலே கதவைத் திறந்து மனைவியும் உட்கார்ந்துகொண்டாள். இன்ஜின் தொட்டதும் பேசியது. கார் நகர்ந்தது.

குப்பைத் தொட்டி, லிப்டு மோட்டார் அறை, தண்ணீர்க் குழாய்கள், செயலாளரின் வெயிலில் காயும் புதுக் கார். கட்டடத்தின் பின்புறம் திரும்பும்போது டபுள் ஓகே முன்சீட்டின் இடுக்கில் வாயை வைத்து, மாமனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார் சம்சாரம்தான் மாமா குடுத்தாங்க. அவங்க புது வண்டி ஸ்டெப்னி. அரை மணி நேரம்னு கேட்டேன். 'அவர்கிட்ட சொல்லாம எடுத்துட்டுப் போங்க தம்பி, என் பாட்டி வீட்ல வெளக்குமாத்துக்குக்கூட இவ்ளோ தீர்மானம் போட்டதில்ல'ன்னு டிக்கி சாவியே குடுத்துட்டாங்க."

மைக்ரானின் கால் ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரைத் தவறவிட்டது.

"என்ன, நின்னுடுச்சா?" என்றார் செயலாளர் ஆசையோடு.

"இல்ல சார், ஒரு பள்ளம். இதுவும் உங்க சிமெண்டுதான்."

பிறகுதான் அது வந்தது. கண்ணாடியில் செயலாளரின் முகம். முன்னால் அதே செயலாளரின் ஸ்டெப்னி உருளுகிறது. நடுவில் ஒரு மனிதருக்குள் இருந்து, அடக்க அடக்க, தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, அழவில்லை.

ஒரு சுற்று கேட்டார்கள். மைக்ரான் மூன்று சுற்றினார். செயலாளர், "போதும் சார், போதும், தலை சுத்துது" என்று கெஞ்சிய பிறகுதான் நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இறங்கிய செயலாளருக்குத் தோல்வி பொறுக்கவில்லை. எதையாவது குறை சொல்லாமல் போக மனசு வரவில்லை. குனிந்து ஒவ்வொரு வீலாகப் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டும் பளபளன்னு இருக்கு. ஒத்துக்கறேன். இது உங்க பழசு, பரவால்ல." நாலாவதன் முன் வந்து நின்று, செருப்பின் நுனியால் அதைத் தட்டினார். "இது என்ன சார் கறுப்பா, அசிங்கமா? இவ்ளோ மட்டமான வீல எந்த ஓட்டை வண்டியில இருந்து கழட்டினீங்க? என் வண்டியா இருந்தா இத ஸ்டெப்னியாகூட வச்சிக்க மாட்டேன்."

டபுள் ஓகே சட்டென்று ஷூ கயிறு கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

மைக்ரான் அசையவில்லை. வாழ்நாளில் அவ்வளவு பணிவாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

"சரியாச் சொன்னீங்க சார். எனக்கும் மொதல்ல இருந்தே சந்தேகம்தான். ரிஜெக்ட் பண்ண வேண்டிய சரக்கு. உங்க கண்ணுக்குத் தப்புமா?"

"பாத்தீங்களா!" என்று மலர்ந்து போனார் செயலாளர். சாவிக்கொத்து மறுபடி சுழன்றது. இடம் மைக்ரானுக்கே என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மதியம் செயலாளர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். மைக்ரான் கறுப்பு வீலைக் கழற்றினார். முதல் வேலையாக வெர்னியரை எடுத்து அளந்தார். ஓட்டைக்கு ஓட்டை, நூல் பிசகாமல் இருந்தது. தாடைக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைகிற இடம். அளக்காமல் மாட்டியது இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் எரிந்தது.

"என்னங்க, தேறுதா?" என்றாள் மனைவி, வேண்டுமென்றே.

அவர் நேரே போய், முன்னால் மாட்ட முடியாமல் போன இரண்டு அலாய்களின் மேலும் சிவப்புக் குறி போட்டார்.

"மாமா, அதுங்க மேல தப்பு இல்லியே" என்றார் டபுள் ஓகே.

"தெரியும்டா. என் நெத்தியில போட்டா கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது." கொஞ்ச நேரம் சாக்பீஸைக் கையில் உருட்டினார். "முன்னாடிக்கு ரெண்டு தேடு. எவன் சிநேகிதன்கிட்ட இருந்தாலும் சரி."

"டபுள் ஓகே மாமா. அளக்க எப்ப வரட்டும்?"

"கொண்டு வந்து நேரா முன்னாடி மாட்டு. சுத்துதான்னு பாரு. அப்புறம் கூப்பிடு, வந்து அளக்கறேன்."

செயலாளர் வீட்டம்மா டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு, கணவர் எழுந்துவிட்டாரா என்று ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். டபுள் ஓகே ஸ்டெப்னியைத் தூக்கி வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மைக்ரான்.

வீலைத் திருப்பினார். யார் கண்ணும் படாத உள்பக்கத்தில், ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு, நிதானமாக, அழுத்தி, சிவப்புப் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டார். தள்ளி நின்று பார்த்து, ஒரு கோடு சற்றுக் கோணலாக இருக்கவே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"அது நல்ல வீல்தான மாமா?"

"முதல் தரம். ஆனா சொந்தக்காரரே ரிஜெக்ட்னு சொல்லிட்டாரு மாப்ளே. நாம குறி போடாம விடலாமா?"